டாட் காம், டாட் இன், நடுவில் அரசாங்கம்: மதுரையில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் கடைகளுக்கும் சிறு நிறுவனங்களுக்கும் இணையதளம் அமைத்துத் தருகிறேன். டொமைன், அதாவது தளத்தின் முகவரிப் பெயர், பதிவு செய்வதும் புதுப்பிப்பதும் இதோடு சேர்ந்த வேலை. மாசி வீதியில் துணிக்கடை வைத்திருப்பவர், மாட்டுத்தாவணிப் பூ வியாபாரி, வடபழஞ்சி ஐடி பூங்காவில் வேலை பார்க்கும் பிள்ளைகள் என்று யார் பேச ஆரம்பித்தாலும், "இதுல அரசாங்கத்துக்கு என்ன வேலை?" என்ற இடத்துக்கு வந்துவிடுகிறார்கள். வாட்ஸ்அப்பில் துண்டு துண்டாகப் பதில் போட்டுச் சலித்துவிட்டதால் இங்கே மொத்தமாக எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவரவர் கேட்ட வாக்கிலேயே விட்டிருக்கிறேன்.

"வருஷா வருஷம் டொமைனுக்குக் காசு கட்டுறோமே, அது கடைசியில யாருக்குப் போகுது? கவர்மெண்டுக்கா?"

டாட் காம் என்றால் இல்லை. நீங்கள் கட்டுவதில் ஒரு பங்கு உங்களுக்குப் பெயரைப் பதிந்து கொடுத்த ரெஜிஸ்ட்ராருக்கு. பெரும்பங்கு அந்த எக்ஸ்டென்ஷனை, அதாவது கடைசிப் புள்ளிக்குப் பின்னால் வரும் பகுதியை, நடத்தும் நிறுவனத்துக்கு. டாட் காமை நடத்துவது வெரிசைன் என்ற அமெரிக்க நிறுவனம். டாட் இன்னை நடத்துவது நிக்ஸி. 2003இல் தொடங்கிய இந்த அமைப்பு மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தின் கீழ் வருகிறது. ஆகவே டாட் இன் வாங்கினால் மட்டும் அரசு சார்ந்த இடத்துக்குப் பணம் போகிறது என்று சொல்லலாம்.

டாட் காம் போன்ற பொது எக்ஸ்டென்ஷன்களில் சில சென்ட் ஐகேனுக்கும் போகும். ஐகேன் 1998இல் கலிபோர்னியாவில் பதிவான, லாப நோக்கமில்லாத அமைப்பு. உலகத்தில் எந்தெந்த எக்ஸ்டென்ஷன் இருக்கலாம், அதை யார் நடத்தலாம் என்ற தலைமைப் பட்டியல் அதன் பொறுப்பில் இருக்கிறது. இன்னொன்று: டொமைனை "வாங்கினேன்" என்கிறோமே தவிர, இது பத்திரம் பதிந்த இடம் இல்லை, குத்தகை. தவணை தவறினால் பெயர் கைமாறிவிடும்.

"அந்த ஐகேன்ல அரசாங்கங்களுக்கு இடம் இருக்கா, இல்லையா?"

இருக்கிறது. அரசுகளின் ஆலோசனைக் குழு என்று ஒன்று உண்டு. ஆங்கில முதலெழுத்துகளில் ஜி.ஏ.சி. முதல் கூட்டம் 1999 மார்ச்சில் சிங்கப்பூரில் நடந்தது. இன்று 180க்கும் மேற்பட்ட நாடுகளும் ஆட்சிப்பகுதிகளும் உறுப்பினர்கள். இன்டர்போல், உலக அறிவுசார் சொத்து அமைப்பு போன்றவை பார்வையாளர்கள். யார் நாடு, யார் நாடு இல்லை என்ற சண்டை இங்கேயும் உண்டு. தைவான் "சீன தைபே" என்ற பெயரில்தான் உட்காருகிறது. சீனா பல ஆண்டுகள் வராமலே இருந்து 2009இல் திரும்ப வந்தது.

ஐகேன் வருஷத்துக்கு மூன்று முறை ஏதாவது ஒரு நாட்டில் கூடும். அப்போது இந்தக் குழுவும் உட்கார்ந்து பேசி, முடிவில் ஓர் அறிக்கை வெளியிடும். அந்த அறிக்கையில் "ஆலோசனை" என்ற தலைப்பின் கீழ் என்ன வருகிறது என்பதுதான் முக்கியம். மற்றதெல்லாம் பேச்சுப் பதிவு.

இறுதி முடிவு ஐகேன் இயக்குநர் குழுவிடம். அதில் 16 பேருக்கு ஓட்டு உண்டு. எந்த நாட்டு அரசு அதிகாரியும் அந்த 16 பேரில் ஒருவராக இருக்கக் கூடாது என்று விதியே இருக்கிறது. ஜி.ஏ.சி. சார்பில் ஒருவர் அந்த மேசையில் உட்காரலாம், பேசலாம், வாதாடலாம். ஓட்டு மட்டும் கிடையாது.

"நம்ம நாட்டு சார்பா யாரு சார் போறாங்க? எம்.பி.யா?"

எம்.பி. இல்லை. மேலே சொன்ன அதே அமைச்சகத்தின் அதிகாரிகள். அரசு நியமிக்கிறது, தேர்தல் எதுவும் இல்லை. தமிழ்நாடு அரசு தனியாக நாற்காலி கேட்க முடியாது, டெல்லி வழியாகத்தான்.

இங்கே என் அபிப்பிராயம் ஒன்று. இந்த மாதிரி மேசைகளில் பழைய கதை தெரிந்தவர் பேச்சுக்குத்தான் எடை. பத்து வருஷம் ஒரே ஆளை அனுப்பும் சின்ன நாடு, அடிக்கடி ஆளை மாற்றும் பெரிய நாட்டைவிட அதிகம் சாதிக்கும். அதிகாரிகளுக்கு மாற்றல் என்பது நம் நிர்வாகத்தில் எவ்வளவு சாதாரணம் என்று உங்களுக்கே தெரியும்.

"சரி, இவங்க சொன்னா ஐகேன் கேட்டே ஆகணுமா?"

கேட்டே ஆக வேண்டும் என்றில்லை. ஆனால் லேசில் தள்ளிவிடவும் முடியாது. ஜி.ஏ.சி. ஒருமித்த ஆலோசனை கொடுத்தால், இயக்குநர் குழு அதைக் கட்டாயம் பரிசீலிக்க வேண்டும். நிராகரிக்க வேண்டுமென்றால் 60 சதவீத ஓட்டு தேவை. 2016க்கு முன்பு சாதாரணப் பெரும்பான்மையே போதும் என்றிருந்தது. நிராகரித்தாலும் காரணத்தை எழுத்தில் சொல்லி, இரு தரப்புக்கும் ஒத்துவரும் வழி இருக்கிறதா என்று உட்கார்ந்து பேசிப் பார்க்க வேண்டும்.

"ஒருமித்த" என்றால் எல்லாரும் கை தூக்கினார்கள் என்று அர்த்தமில்லை. யாரும் முறைப்படி ஆட்சேபிக்கவில்லை என்பதே கணக்கு. ஆக, ஒரே ஒரு நாடு எழுந்து "எனக்குச் சம்மதமில்லை" என்றால் போதும், அந்த ஆலோசனைக்கு 60 சதவீதப் பாதுகாப்பு போய்விடும். 180 நாடுகளில் யாருமே எழுந்திருக்காத விஷயம் என்பது எத்தனை இருக்கும், நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

"அரசாங்கமும் கம்பெனியும் மோதின கேஸ் ஏதாவது இருக்கா?"

இருக்கிறது, அதுவும் சுவாரசியமானது. 2012இல் ஐகேன் புது எக்ஸ்டென்ஷன்களுக்கு விண்ணப்பம் வாங்கியபோது, அமேசான் நிறுவனம் டாட் அமேசானைக் கேட்டது. பிரேசிலும் பெருவும் சண்டைக்கு வந்தன: அது எங்கள் காடு, எங்கள் ஆறு, எங்கள் ஜனங்கள் வாழும் பகுதியின் பெயர், ஒரு கடைக்கு எழுதிக் கொடுப்பதா? முதலில் அமெரிக்கா குறுக்கே நின்றதால் ஒருமித்த ஆலோசனை வரவில்லை. 2013 ஜூலையில் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரக் கூட்டத்துக்கு முன்பாக அமெரிக்கா நடுநிலை என்று ஒதுங்கிக்கொள்ள, "கொடுக்கக் கூடாது" என்ற ஆலோசனை ஒருமித்ததாக வந்துவிட்டது. 2014இல் ஐகேனும் விண்ணப்பத்தை நிறுத்தியது.

அமேசான் விடவில்லை. ஐகேன் முடிவுகளை வெளியார் நடுவர்களிடம் கொண்டுபோகும் முறை ஒன்று உண்டு, அங்கே போனார்கள். 2017இல் தீர்ப்பு நிறுவனத்தின் பக்கம். நடுவர்கள் சொன்னதன் சாரம்: அரசுகள் சொல்லிவிட்டன என்பது மட்டும் காரணமாகாது, பொதுநலன் எங்கே பாதிக்கப்படுகிறது என்று இயக்குநர் குழு தானே பார்த்துத் தீர்மானித்திருக்க வேண்டும். அதன்பிறகும் அமேசான் படுகை நாடுகளோடு பேச்சு இழுத்தது. 2019இல் ஐகேன் பச்சைக்கொடி காட்டியது; 2020இல் டாட் அமேசான் நிறுவனத்திடமே போய்ச் சேர்ந்தது. எட்டு வருஷ இழுபறியில் அரசுகள் செய்ய முடிந்தது தாமதம், பேரத்தில் சில சலுகைகள். பெயரைத் தடுக்க முடியவில்லை.

"இந்தியா எதையாவது தடுத்திருக்கா?"

அதே 2012 சுற்றில் இரண்டு பெயர்களுக்கு இந்திய அரசு ஆட்சேபம் சொன்னது. ஒன்று டாட் ராம்: கேட்டது கிரைஸ்லர் கார் கம்பெனி, அவர்கள் லாரியின் பெயர் அது. இன்னொன்று டாட் இந்தியன்ஸ்: கேட்டது ரிலையன்ஸ். டர்பன் அறிக்கையில் இந்தியாவின் கவலை பதிவானது. இன்றைக்கு அந்த இரண்டு எக்ஸ்டென்ஷனும் இணையத்தில் இல்லை.

கவனியுங்கள், இது டாட் அமேசான் போல ஒருமித்த ஆலோசனை இல்லை. ஒரு நாட்டின் கவலையைக் குழு குறித்துக்கொண்டது, அவ்வளவே. விண்ணப்பித்தவர் அடம்பிடிக்காத இடத்தில் அதுவே போதுமானதாக இருக்கிறது.

"டாட் இன்னும் ஐகேன் சொல்றபடிதான் ஆடுதா? பேங்க் முகவரியெல்லாம் திடீர்னு மாறிடுச்சே?"

இரண்டெழுத்து நாட்டு எக்ஸ்டென்ஷன் விஷயமே வேறு. நம் டாட் இன், இலங்கையின் டாட் எல்கே மாதிரியானவற்றில் உள்விதிகளை அந்தந்த நாடே வைத்துக்கொள்ளும். யாருக்குக் கொடுக்கலாம், என்ன விலை, தகராறு வந்தால் யார் தீர்ப்பது என்பதெல்லாம் நம் விஷயத்தில் நிக்ஸியின் பொறுப்பு. அரசு அலுவலகங்களுக்கான கவ் டாட் இன்னை மத்திய அரசின் கணினி அமைப்பான என்.ஐ.சி. கொடுக்கிறது. கல்லூரி, பல்கலைக்கழகங்களுக்கான ஏசி டாட் இன்னை, கல்வி நிறுவனங்களுக்கான நெட்வொர்க் அமைப்பான எர்நெட் கொடுக்கிறது. காமராசர் பல்கலைக்கழகத் தளத்தின் முகவரியில் பார்த்திருப்பீர்கள்.

பேங்க் முகவரி மாறியது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. 2025 அக்டோபர் 31க்குள் வங்கிகள் எல்லாம் பேங்க் டாட் இன் என்று முடியும் முகவரிக்கு மாற வேண்டும் என்று சொன்னார்கள். அந்த முகவரியை வங்கி அல்லாதவர் பதிய முடியாது என்பதால், போலித் தளத்தைக் கண்டுபிடிப்பது சுலபமாகும். ஐகேனிடமோ ஜி.ஏ.சி.யிடமோ கேட்க வேண்டிய அவசியமே இல்லாமல் நம் நாடே எடுத்த முடிவு இது. டொமைன் விஷயத்தில் அரசுக்கு உண்மையான அதிகாரம் எங்கே இருக்கிறது என்று யாராவது கேட்டால் இதைத்தான் காட்டுவேன்.

"ஒரு சைட் நம்ம ஊர்ல திறக்கவே மாட்டேங்குது. ஐகேன் கிட்ட சொல்லி மூடிட்டாங்களா?"

இல்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 69ஏ பிரிவின்படி அரசு உத்தரவு போடும், அல்லது நீதிமன்றம் போடும். உங்களுக்கு நெட் கொடுக்கும் நிறுவனம் வழியை அடைக்கும். அந்தப் பெயர் உலகத்தின் மற்ற இடங்களில் வேலை செய்துகொண்டே இருக்கும்.

"என்ன இருந்தாலும் எல்லாம் அமெரிக்காக்காரன் கையிலதானே?"

2016 வரை இந்தக் கேள்விக்கு "பாதி ஆமாம்" என்று சொல்லலாம். தலைமைப் பட்டியலில் ஒரு எழுத்தை மாற்றுவதென்றாலும் அமெரிக்க வணிகத் துறையின் ஒப்புதல் வேண்டும். அந்த ஒப்பந்தம் 2016 செப்டம்பர் 30ஆம் தேதி முடிந்தது, அமெரிக்கா புதுப்பிக்கவில்லை. அதன்பிறகு நடந்த முதல் ஐகேன் கூட்டம் நம் ஹைதராபாத்தில், அந்த நவம்பரில்.

அரசுகளைப் பொறுத்தவரை இப்போது எல்லா நாடும் ஒரே வரிசை. ஆனால் ஐகேன் இன்னமும் கலிபோர்னியச் சட்டத்துக்கு உட்பட்ட அமைப்புதான். வழக்கு என்றால் அங்கத்திய நீதிமன்றம். இந்த உறுத்தல் பல நாடுகளுக்கு இருக்கிறது, எனக்கும் இருக்கிறது.

"பேசாம ஐ.நா. சபைகிட்ட கொடுத்துட்டா என்ன?"

இந்தியாவே அப்படிக் கேட்டது. 2011 அக்டோபரில், இணையக் கொள்கைக்கென ஐ.நா.வின் கீழ் அரசுகள் மட்டும் உறுப்பினராக இருக்கும் தனிக்குழு வேண்டும் என்று பொதுச்சபையில் முன்மொழிந்தது. உள்நாட்டிலேயே கம்பெனிகளும் இணைய உரிமை பேசுபவர்களும் எதிர்த்தார்கள். 2015 ஜூனில் அப்போதைய அமைச்சர் ரவிசங்கர் பிரசாத், பியூனஸ் அயர்ஸில் நடந்த ஐகேன் கூட்டத்துக்குச் சொன்ன செய்தியில், இந்தியா பலதரப்பு முறையை ஆதரிக்கிறது என்று அறிவித்தார். அதாவது அரசு, கம்பெனி, பொறியாளர், பயனாளர் எல்லாரும் ஒரே மேசையில்.

நான்கே வருஷத்தில் இத்தனை பெரிய திருப்பம். எனக்கு இரண்டாவது நிலைதான் பிடித்தது. அரசுகள் மட்டும் கூடி முடிவெடுக்கும் இடத்தில் மாசி வீதிக் கடைக்காரருக்காகப் பேச யாரும் இருக்க மாட்டார்கள்.

"ஒரு நாடு இன்னொரு நாட்டோட டொமைனை மொத்தமா அழிக்கச் சொல்லலாமா?"

சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். 2022 பிப்ரவரி கடைசியில், போர் தொடங்கிய கையோடு, உக்ரைன் துணைப் பிரதமர் மிகைலோ ஃபெடோரோவ் ரஷ்யாவின் டாட் ஆர்யூவை முடக்கும்படி ஐகேனுக்குக் கடிதம் எழுதினார். சில நாட்களிலேயே ஐகேன் மறுத்துவிட்டது: எங்கள் வேலை இணையம் ஓடுவதைப் பார்த்துக்கொள்வது, தண்டனை கொடுப்பதற்கு எங்களுக்கு அதிகாரம் இல்லை என்று.

யார் பக்கம் நியாயம் என்பது வேறு பேச்சு. ஆனால் ஒருமுறை செய்துவிட்டால், அடுத்த சண்டையில் டாட் இன்னைப் பற்றியும் யாராவது கடிதம் எழுதுவார்கள்.

"ஆலோசனையும் சொல்லி, அப்புறம் ஓட்டும் போட்டா அது அநியாயம் இல்லையா?"

ஜி.ஏ.சி.யைப் பற்றி இதைக் கேட்டது ஒரு சட்டக் கல்லூரி மாணவி. இயக்குநர் குழுவில் அதற்கு ஓட்டு இல்லை என்று பார்த்தோம்; அவர் கேட்பது வேறோர் இடத்தில் இருக்கும் ஓட்டைப் பற்றி. நல்ல கேள்வி. அமெரிக்கா விலகியபின், இயக்குநர் குழு தப்பு செய்தால் தட்டிக்கேட்க ஐந்து தரப்புகள் சேர்ந்த ஒரு கூட்டமைப்பு உருவாக்கப்பட்டது. இயக்குநர்களை நீக்கும் அதிகாரம்கூட அதற்கு உண்டு. ஜி.ஏ.சி. அந்த ஐந்தில் ஒன்று, அங்கே அதற்கு ஓட்டு உண்டு.

மாணவி கண்ட ஓட்டையை விதி எழுதியவர்களும் கண்டிருந்தார்கள். ஜி.ஏ.சி.யின் ஒருமித்த ஆலோசனையை ஏற்று இயக்குநர் குழு ஒரு முடிவு எடுத்து, அதை மற்றவர்கள் எதிர்த்தால், அந்த விவகாரத்தில் மட்டும் ஜி.ஏ.சி.க்கு ஓட்டு இல்லை. தன் பேச்சுக்குத் தானே நீதிபதியாக முடியாது.

"தமிழ்லயே முகவரி வாங்கலாமா? அதுக்கும் அரசு அனுமதி வேணுமா?"

வாங்கலாம். டாட் இந்தியா, டாட் இலங்கை, டாட் சிங்கப்பூர் மூன்றும் தமிழ் எழுத்திலேயே இருக்கின்றன. நாட்டுப் பெயரைச் சொந்த எழுத்தில் வைக்கும் திட்டத்தை ஐகேன் 2009இல் தொடங்கியபோது, அந்தந்த அரசின் ஆதரவுக் கடிதம் கட்டாயம் என்று வைத்தார்கள். அரசு கேட்காமல் இது நடந்திருக்காது. பதியும் உங்களுக்குத் தனி அனுமதி எதுவும் வேண்டாம்.

சிக்கல் வேறு இடத்தில். தமிழ் முகவரியில் மின்னஞ்சல் வைத்துக்கொண்டு ஒரு விண்ணப்பப் படிவத்தை நிரப்பிப் பாருங்கள். "சரியான மின்னஞ்சலைத் தரவும்" என்று சிவப்பில் ஒரு வரி வரும். எந்த முகவரி சரி என்று அந்தப் படிவத்தை எழுதியவர் முடிவு செய்துவிட்டார். அதனால் கடைக்காரர்களுக்கு இரண்டையும் வாங்கித் தமிழ் முகவரியை ஆங்கிலத்துக்குத் திருப்பிவிடுகிறேன்.

"டாட் மதுரைன்னு ஒண்ணு வாங்க முடியுமா அண்ணே?"

டாட் லண்டன், டாட் பெர்லின் எல்லாம் இருக்கும்போது மதுரைக்கு என்ன குறைச்சல்? முடியும், ஆனால் தனியாள் வேலை இல்லை. 2026 ஏப்ரலில் தொடங்கும் என்று ஐகேன் அறிவித்த சுற்றுக்கு விண்ணப்பக் கட்டணமே 2,27,000 டாலர், ரூபாயில் இரண்டு கோடியை ஒட்டி. அப்புறம் அதை நடத்தும் செலவு தனி.

ஊர் சார்ந்த பயன்பாட்டுக்காக ஊர்ப் பெயரைக் கேட்டால், சம்பந்தப்பட்ட அரசின் ஆதரவோ ஆட்சேபமின்மையோ எழுத்தில் வேண்டும். சம்பந்தப்பட்ட அரசு என்றால் மாநகராட்சியா, கோட்டையா, டெல்லியா? அதைக் கண்டுபிடிப்பது விண்ணப்பிப்பவர் பாடு. குழப்பமிருந்தால் உங்கள் நாட்டு ஜி.ஏ.சி. பிரதிநிதியைக் கேளுங்கள் என்று ஐகேன் வழிகாட்டியே சொல்கிறது. டாட் தமிழ்நாடு என்றால் இன்னும் கண்டிப்பு. மாநிலப் பெயர்கள் பன்னாட்டுத் தரப்பட்டியலில் இருப்பதால், எந்த நோக்கத்துக்காகக் கேட்டாலும் அரசுக் கடிதம் கட்டாயம்.

"மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு இருக்குல்ல, அப்போ அந்தப் பேர்ல யாரோ டாட் காம் வாங்கி வச்சிருந்தா பிடுங்கலாமா?"

பூ மார்க்கெட்டில் அதிகம் கேட்பது இதுதான். புவிசார் குறியீடு என்பது ஓர் ஊரோடு சேர்ந்த பொருளின் பெயருக்குக் கிடைக்கும் சட்டப் பாதுகாப்பு. 2013இல் மதுரை மல்லிக்கு அது கிடைத்தது உண்மை. ஆனால் டாட் காம் தகராறுகளைத் தீர்க்க 1999 முதல் இருக்கும் ஐகேன் விதிமுறை டிரேட்மார்க்கை மட்டுமே பார்க்கிறது. புவிசார் குறியீடு அங்கே தனியாகச் செல்லாது. எதிராளி கெட்ட எண்ணத்தில் பதிந்தார் என்பதையும் நீங்கள் நிரூபிக்க வேண்டும்.

இந்த ஓட்டையை அடைக்க வேண்டும் என்று ஜி.ஏ.சி.யில் சண்டை நடந்திருக்கிறது. டாட் ஒயின், டாட் வின் (பிரெஞ்சில் ஒயின்) இரண்டும் விண்ணப்பத்தில் இருந்தபோது, தங்கள் ஊர்ப் பெயர்களைக் கண்டவரும் பதிந்துவிடுவார்கள் என்று பிரான்ஸும் ஐரோப்பிய ஒன்றியமும் கடுமையாக எதிர்த்தன. அமெரிக்காவும் ஆஸ்திரேலியாவும் ஒத்துவரவில்லை. ஒருமித்த ஆலோசனை என்றால் என்ன என்று மேலே பார்த்தோமே, அதேதான்: ஒத்த கருத்து வரவில்லை, இரண்டும் வெளியே வந்துவிட்டன.

உங்களுக்கு வழியே இல்லை என்றில்லை. டிரேட்மார்க் பதிந்திருந்தால் அந்த வழியில் போகலாம். டாட் இன் என்றால் நிக்ஸியின் தகராறு தீர்க்கும் முறை தனியாக இருக்கிறது. டொமைன் பெயருக்கும் வணிகப் பெயருக்குரிய பாதுகாப்பு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2004இல் சிஃபி வழக்கில் சொல்லியிருப்பதால் நீதிமன்றத்துக்கும் போகலாம். இதில் எதற்கும் ஜி.ஏ.சி. பிரதிநிதிக்கு மனு எழுதிப் பயனில்லை. தனிநபர் தகராறு அவர் வேலை இல்லை.

"அப்போ மதுரையில உட்கார்ந்துக்கிட்டு நாம ஏதாவது சொல்ல முடியுமா?"

ஜி.ஏ.சி. கூட்டங்கள் பெரும்பாலும் திறந்தவை. இணையத்தில் நேரலையாகப் பார்க்கலாம். ஐ.நா.வின் ஆறு மொழிகளிலும் போர்த்துகீசியத்திலும் மொழிபெயர்ப்பு உண்டு. இந்தி, தமிழ் இரண்டும் இல்லை. ஐகேன் எந்த விதியை மாற்றினாலும் முன்கூட்டியே பொதுக் கருத்துக்கு வைக்கும். பெயர் போட்டு யாரும் எழுதலாம், நான் எழுதியிருக்கிறேன். சாதாரணப் பயனாளர்களுக்கென்றே ஐகேனில் தனிக் குழு இருக்கிறது. கல்லூரிப் பிள்ளைகள் கூட்டங்களுக்குப் போக உதவித்தொகைத் திட்டங்களும் உண்டு.

டெல்லி அமைச்சகத்துக்கும் எழுதலாம். புவிசார் குறியீட்டுக்கு டொமைன் பாதுகாப்பு வேண்டும் என்று பூ வியாபாரிகள், சுங்குடிச் சேலைக்காரர்கள், திண்டுக்கல் பூட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரு மனு கொடுத்தால், அடுத்த கூட்டத்தில் இந்தியப் பிரதிநிதி கையில் அது ஒரு காகிதமாகவாவது இருக்கும். பிரான்ஸுக்கு ஒயின்காரர்கள் அப்படித்தான் காகிதம் கொடுத்தார்கள். மனு எழுத ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன். கையெழுத்து வாங்குவதை மட்டும் சங்கத்துக்காரர்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.